வரப்பைக் கொஞ்சம் விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகசூல் குறைகிறது என்று பேச ஆரம்பித்தால் தண்ணீர், உரம், விதை என்று எல்லாம் வருகிறது, பூவுக்கு வந்து போகிற பூச்சியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அப்படியே பேசினாலும் 'தேனீப் பெட்டி வையுங்கள்' என்பதோடு முடிந்துவிடுகிறது. பெட்டி நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் பூவே இல்லாத மாதங்களில் அந்தத் தேனீ எதைத் தின்று உயிரோடு இருக்கும்?

பூசணிக் கொடியை விடியற்காலையில் போய்ப் பாருங்கள். பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி போலப் பிஞ்சு இருக்கும், ஆண் பூ வெறும் காம்பில் நிற்கும். விடியும்போது விரிகிற பூ மதியத்துக்குள் மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவில் புரண்ட தேனீ பெண் பூவுக்கு வர வேண்டும், அதுவும் ஒரு தடவை வந்தால் பத்தாது. வரவே இல்லை என்றால் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழும், அரைகுறையாக வந்தால் காய் சூம்பிப் போகும். அதை நோய் என்று நினைத்து காலையிலேயே மருந்து அடிக்கிறோம், பூ விரிந்திருக்கிற அதே நேரத்தில்! மிச்சம் இருந்த ஒன்றிரண்டு தேனீயும் செத்துப் போகிறது, அப்புறம் இன்னும் அதிகமாகப் பிஞ்சு உதிர்கிறது.

கத்தரிப் பூ வேறு மாதிரி. அதன் மகரந்தம் குழாய்க்குள் அடைந்து கிடக்கும், நுனியில் சின்ன ஓட்டைதான். பெட்டித் தேனீயால் அதை உதிர்க்க முடியாது. கருவண்டு (பேர்தான் வண்டு, அதுவும் ஒரு வகைத் தேனீதான்) வந்து பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைத்து ரீங்காரம் போட்டால் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். அந்த வண்டு காய்ந்த மரத்தில் துளை போட்டுக் குடியிருப்பது, நாமோ பட்டுப்போன கிளை ஒன்று விடாமல் வெட்டி எரித்துவிடுகிறோம். உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன, பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்தனியாக மண்ணிலோ மரத்திலோ துளைக்குள் முட்டையிடுபவை. வரப்பைச் சுத்தமாகக் கொத்தி களைக்கொல்லி அடித்தால் அவற்றுக்கு வீடும் போச்சு, சாப்பாடும் போச்சு.

இவற்றுக்காக ஓர நிலத்தைப் பூச்செடிக்கு விட்டுக்கொடுத்தால் நஷ்டம்தானே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் ஹில்லெஸ்டன் என்ற பண்ணையில் விளைச்சல் குறைந்த ஓரங்களாகப் பார்த்து 8 சதவீத நிலம் வரை பூச்செடிகளுக்கும் பறவை, பூச்சிகளுக்கும் விட்டுப் பார்த்தார்கள். மொத்த விளைச்சல் குறையவில்லை, சில பயிர்களில் கூடவும் செய்தது என்று 2015-இல் முடிவு வெளியானது. ஒரே வருஷத்தில் வந்த பலன் இல்லை, பல வருஷம் பொறுத்திருந்தார்கள்.

இதைத் தனி ஒருவர் செய்தால் பத்தாது. சிறிய தேனீக்கள் சில நூறு மீட்டருக்கு மேல் போகாது, பக்கத்து நிலத்தில் அடிக்கிற மருந்து நம் வேலியோடு நின்றுவிடவும் செய்யாது. அதனால் பெட்டிக்கு மானியம் கொடுக்கிற அரசுகள் வேலியோரப் பூச்செடிக்கும், ஊராகச் சேர்ந்து ஓரங்களை விட்டு வைப்பவர்களுக்கும் ஏதாவது கொடுக்கட்டும்.

உங்கள் வேளாண் பக்கத்தில் எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று போடும்போது, பூ விரிந்திருக்கும் நேரத்தில் அடிக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில்.