இட்டரேட்டரிடம் நேராகக் கேட்காதே

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய சி++ கோடைப் பார்த்தேன். இரண்டு இட்டரேட்டரை (வரிசையில் ஓர் இடத்தைக் காட்டி நகர்ந்துகொண்டே போகும் பொருள்) வாங்கிக்கொண்டு நடுவில் இருப்பதையெல்லாம் கூட்டித் தரும் டெம்ப்ளேட், அதாவது எந்த டைப்புக்கும் பொருந்தும்படி எழுதிய அச்சு. வெக்டருக்கு ஓடுகிறது, லிஸ்டுக்கு ஓடுகிறது, சாதாரண அரேயைக் கொடுத்தால் மட்டும் எரர் வருகிறது என்று எழுதியிருந்தாய். அந்த எரரை முழுக்கப் படித்துப் பார், பதில் அதிலேயே இருக்கிறது: ‘இன்ட்*’ என்பது கிளாஸோ ஸ்ட்ரக்டோ யூனியனோ அல்ல. அரேயைக் கொடுத்தால் இட்டரேட்டராக உள்ளே போவது இந்த இன்ட்*, நினைவக முகவரியை மட்டும் வைத்திருக்கும் பாயிண்டர்.

உன் வரி இது (இட் என்பது வரும் இட்டரேட்டரின் டைப்):

டைப்நேம் இட்::வேல்யூ_டைப் மொத்தம் = 0;

“நீ காட்டும் பொருளின் டைப் என்ன?” என்று இட்டரேட்டரையே நேராகக் கேட்கிறாய். கிளாஸாக இருந்தால் உள்ளே ஒரு டைப்டெஃப் (டைப்புக்கு வைத்த மாற்றுப் பெயர்) வைத்திருக்கும், பதில் சொல்லும். பாயிண்டருக்கு உள்ளே என்று எதுவும் கிடையாது. ஆனாலும் ++ போட்டால் நகர்கிறது, * போட்டால் மதிப்பைத் தருகிறது. எஸ்டிஎல்லின் (சி++ உடன் வரும் டெம்ப்ளேட் லைப்ரரி) கணக்கில் அதுவும் முழு இட்டரேட்டர்தான். அதை வெளியே தள்ளிவிடக் கூடாது என்றுதான் 1998 ஸ்டாண்டர்டிலேயே இதை வைத்தார்கள்:

டைப்நேம் ஸ்டிடி::இட்டரேட்டர்_ட்ரெய்ட்ஸ்<இட்>::வேல்யூ_டைப் மொத்தம் = 0;

இது இட்டரேட்டருக்கு வெளியே நிற்கும் டெம்ப்ளேட். கிளாஸ் வந்தால் உள்ளிருப்பதை எடுத்துக் கொடுக்கும். டி* (ஏதோ ஒரு டைப் டியைக் காட்டும் பாயிண்டர்) வந்தால் அதற்கென்றே எழுதிய பார்ஷியல் ஸ்பெஷலைசேஷன், டி என்று பதில் சொல்லும். கான்ஸ்ட் டி* (மதிப்பை மாற்ற விடாத பாயிண்டர்) வந்தாலும் வேல்யூ_டைப் வெறும் டிதான். அந்த கான்ஸ்ட் கழலாமல் இருந்தால் உன் ‘மொத்தம்’ முதல் += வரியிலேயே நின்றுபோகும்.

முன்னால் டைப்நேம் எதற்கு என்றும் கேட்டிருந்தாய். டெம்ப்ளேட்டை முதலில் படிக்கும்போது இட் என்ன என்று கம்பைலருக்குத் தெரியாது. :: தாண்டி வருவது டைப்பா, ஸ்டாடிக் மெம்பரா என்று நீதான் சொல்ல வேண்டும்.

“ஆட்டோ இருக்கும்போது இதெல்லாம் ஏன்?” என்பது உன் அடுத்த கேள்வி. ஆட்டோ என்று எழுதினால் டைப்பை கம்பைலரே கண்டுபிடித்துக்கொள்ளும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு இடங்களின் மதிப்பை மாற்றி வைக்க ஒரு டெம்ப்ளேட் எழுதினேன்:

ஆட்டோ தற்காலிகம் = *அ;
*அ = *ஆ;
*ஆ = தற்காலிகம்;

இன்ட் வெக்டருக்கு நன்றாக ஓடியது. வெக்டர்<பூல்> (ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் வைக்கும் வெக்டர்) வந்தபோது இரண்டு இடத்திலும் ஒரே மதிப்பு நின்றது. எரர் இல்லை, வார்னிங் இல்லை, அதனால் காரணம் பிடிபட வெகுநேரம் ஆனது. வெக்டர்<பூல்> ஒவ்வொரு பூலையும் ஒரு பிட்டாக அடுக்கி வைக்கலாம். ஒரு பிட்டுக்கு ரெஃபரன்ஸ் கொடுக்க முடியாது. அதனால் * போட்டால் கிடைப்பது பூல் அல்ல, அந்த பிட்டைச் சுட்டும் ஒரு ப்ராக்ஸி. ஆட்டோ அந்த ப்ராக்ஸியைத்தான் நகலெடுத்தது. இரண்டாவது வரி பழைய மதிப்பை அழித்ததும் ‘தற்காலிகம்’ காட்டுவதும் மாறிவிட்டது. ஆட்டோவை எடுத்துவிட்டு ட்ரெய்ட்ஸின் வேல்யூ_டைப்பைப் போட்டேன், சரியானது. *அ-வின் டைப் என்ன என்று கேட்கும் டெக்ல்டைப்(*அ) இங்கே உதவாது; இன்ட் வெக்டருக்கு அது இன்ட்& என்று ரெஃபரன்ஸைத் தரும், இங்கே அதே ப்ராக்ஸியைத் தரும்.

ட்ரெய்ட்ஸில் ரெஃபரன்ஸ், பாயிண்டர், டிஃபரன்ஸ்_டைப், இட்டரேட்டர்_கேட்டகரி என்று இன்னும் நான்கு உண்டு. கடைசியானது எனக்கு மிகவும் பிடித்தது; இட்டரேட்டர் எப்படியெல்லாம் நகரும் என்று அது சொல்லும். 10 லட்சம் இடம் தள்ளிப் போகச் சொன்னால், ஸ்டிடி::அட்வான்ஸ் அந்தக் கேட்டகரியைப் பார்த்துத்தான் வெக்டரில் ஒரே கூட்டலில் முடிக்கிறது, லிஸ்டில் ஒவ்வொன்றாக நடக்கிறது. நீயும் இதைப் பார்த்து வழி பிரிக்க நினைத்தால் ஈஸ்_சேம் (இரண்டும் ஒரே டைப்பா) போடாதே, ஈஸ்_பேஸ்_ஆஃப் (ஒன்று மற்றதன் பேஸ் கிளாஸா) போடு. ஒவ்வொரு கேட்டகரியும் டேக் என்ற ஒரு வெற்று கிளாஸ். ரேண்டம் ஆக்சஸ் டேக், பைடைரக்‌ஷனல் டேகிலிருந்து பிறந்தது. ஈஸ்_சேம் போட்டால் பைடைரக்‌ஷனல் கேட்ட இடத்தில் வெக்டர் நுழையாது.

சி++20 கம்பைலர் கையில் இருந்தால் ஸ்டிடி::இட்டர்_வேல்யூ_டி<இட்> என்று எழுதினாலே போதும், டைப்நேமும் வேண்டாம். கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் பேக்_இன்சர்ட்டர் தரும் இட்டரேட்டரிடம் மட்டும் வேல்யூ_டைப் கேட்காதே, ட்ரெய்ட்ஸ் வழியே கேட்டால் வாய்ட் (எதுவும் இல்லை) என்றுதான் வரும்.

வரியை மாற்றிவிட்டு, ஐந்து ட்ரூ உள்ள வெக்டர்<பூல்> ஒன்றை உன் ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பார். விடை 5 வராது, 1 வரும். ‘மொத்தம்’ பூல் ஆகிவிட்டது. அன்சைன்ட் சாரில் 200, 100 கூட்டினால் சார் 8 பிட்டாக இருக்கும் வழக்கமான மெஷினில் 44 வரும். உள்ளே என்ன டைப் இருக்கிறது என்பதை ட்ரெய்ட்ஸ் சரியாகத்தான் சொன்னது. மொத்தம் எந்த டைப்பில் வேண்டும் என்பது கூப்பிடுகிறவருக்குத்தான் தெரியும். ஆகவே ஸ்டிடி::அக்யூமுலேட் செய்வது போல ஆரம்ப மதிப்பை மூன்றாவது ஆர்க்யுமென்ட்டாக வாங்கிக்கொள். அப்படி எழுதிப் பார்த்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்