கல்லறை வாசலில் ஒரு சொத்துப் பத்திரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சவூதியின் மதாயின் சாலிஹ் பாறைக் கல்லறைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் எழுத்து முழுக்கப் ‘பிரம்மாண்டம்’, ‘மன்னர் மாளிகை’ என்றே ஓடுகிறது. மதீனாவில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறையில் அங்கே போய்ச் சுற்றியவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள்.

முதலில், அவை மாளிகைகள் அல்ல. குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் ஒட்டகத்தில் ஏற்றி வணிகம் செய்த நபத்தேயர்கள் என்ற பழங்கால அரபு மக்கள் தங்கள் குடும்பத்தாருக்காகக் குடைந்த கல்லறைகள். யுனெஸ்கோ கணக்கில் பெரிய கல்லறைகள் 111. அவற்றில் 94 அலங்கார முகப்பு கொண்டவை. கொத்தர்கள் மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். நீங்கள் முழுப்பக்கத்துக்குப் போட்ட கஸ்ர் அல் ஃபரீத் கல்லறையையே பாருங்கள்: மேலே வழவழப்பு, அடியில் உளித் தழும்பு. வேலை பாதியிலேயே நின்றுவிட்டது. கட்டுரையாளர் அதை ‘காலத்தின் சிதைவு’ என்று எழுதிவிட்டார்!

விஷயம் வாசலுக்கு மேலே இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லறைகளில் கல்வெட்டு உண்டு. நம்மூர் சொத்துப் பத்திரத்தைப் படிப்பது போலவே இருக்கும். இது இன்னாருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. மீறினால் துஷாரா தெய்வத்துக்கும் மன்னருக்கும் அபராதம். சாபமும் உண்டு. உரிமையாளர்களில் படைத்தலைவர் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார். தன் பெயரிலும் மகள் பெயரிலும் கல்லறை வெட்டுவித்த பெண்ணும் இருக்கிறார். 2000 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பெண்கள் பெயரில் சொத்து இருந்தது என்பதை எந்த முகப்பும் சொல்லாது, அந்த நாலு வரிதான் சொல்லும்.

கொத்தருக்குக் கூலி கொடுக்க முடியாதவர்கள் என்ன ஆனார்கள்? பாறைகளின் மேல் வெட்டிய வெறும் குழிகள் ஏராளமாகக் கிடக்கின்றன. ‘சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர்’ என்று மணிமேகலை அடுக்குவது போல, ஒரே ஊரில் பல விதம். அவர்கள் குடியிருந்த ஊரோ நடுச் சமவெளியில், பச்சை மண்கல்லால் கட்டியது. கரைந்து மேடாகிப் போனதால் யாரும் கேமராவைத் திருப்புவதில்லை. கிணறுகள் மட்டும் நிற்கின்றன. பாறையை மட்டும் பார்த்துவிட்டுச் சமுதாயத்தைப் பற்றிப் பேசினால், அது வசதியானவர்களைப் பற்றிய பேச்சாகத்தான் முடியும்.

கட்டுரையின் கடைசியில் ‘நம்மிடம் இப்படி எதுவும் இல்லையே’ என்று ஓர் அங்கலாய்ப்பு வேறு. எங்கள் கடற்கரையில் மணலும் பனையும்தான். குடைய மலைக்கு எங்கே போவது? இறந்தவர்களைக் குயவர் வனைந்த பெரிய மண்தாழியில் வைத்துப் புதைத்தார்கள் நம்மவர்கள். வைகைக் கரையில் கீழடியை வாழ்விடமாகவும், பக்கத்துக் கொந்தகையைத் தாழி புதைத்த இடுகாடாகவும் சேர்த்து வைத்துப் பார்த்ததால்தான் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறது. அதே வைகை கடலில் சேரும் இடத்தில் அழகன்குளம். ரோமானியக் காசும், கப்பல் கீறிய பானை ஓடும் கிடைத்த ஊர். செங்கடல் வழியாக வந்த சரக்கு இறங்கிய கரை இது. நபத்தேயர் காலமும் அதற்கு அந்நியமல்ல.

இன்று இந்தக் கரையோரத்தில் பனங்காட்டை அழித்து மனை போடுகிறார்கள், இறால் பண்ணைக்குக் குளம் தோண்டுகிறார்கள். பொக்லைன் வாயில் தடித்த பானை விளிம்பு வந்தால் ஓட்டுநர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரிடம் சொல்வது, சொன்னால் வேலை எத்தனை நாள் நிற்கும், நிலத்துக்காரருக்கு நஷ்டம் வருமா, எதுவும் அவருக்குத் தெரியாது. தொல்லியல் துறையிடம் கேட்டு இதற்கெல்லாம் பதில் வாங்கி, தாழி ஓடு எப்படி இருக்கும் என்று ஒரு படத்தோடு, அடுத்த இதழில் அரைப் பக்கம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரியபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.