கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் ஓர் இடுப்பெலும்பு

அருங்காட்சியகங்களில் புதைபடிவங்களைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கு,

வணக்கம். வாள்பல் பூனை என்றாலே வாயைப் பிளந்த மண்டையோட்டைத்தான் நடுக்கூடத்தில் வைக்கிறீர்கள். விளக்கு வெளிச்சமெல்லாம் அந்த இரண்டு கோரைப்பற்கள்மேல். தென் அமெரிக்காவில் வாழ்ந்த ஸ்மைலோடான் பாப்புலேட்டர் என்ற வாள்பல் பூனைக்கு அவை 28 செ.மீ. வரை நீண்டிருக்கின்றன, பார்ப்பவர்கள் வாயடைத்துப்போவார்கள்தான். ஆனால் அந்த விலங்கு எப்படிப் பிழைத்தது என்று பல் மட்டும் சொல்லிவிடாது.

லாஸ் ஏஞ்சலீசின் லா பிரியா தார்க்குழிகளில் 2,000-க்கும் மேற்பட்ட ஸ்மைலோடான்களின் எலும்புகள் கிடைத்துள்ளன. சிக்கிய இரையைத் தின்ன வந்து, தாமும் தாரில் ஒட்டிக்கொண்டவை அவை. அந்தக் குவியலில் ஓர் இடுப்பெலும்பு இருக்கிறது. தொடையெலும்பின் உருண்டைத் தலை கிண்ணத்தில் உட்காருவதுபோல் பொருந்த வேண்டிய குழி, அதில் உருக்குலைந்து கிடக்கிறது. ஏதோ அடிபட்டோ சீழ்பிடித்தோ ஆனது என்றே முன்பு கருதினார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, அது வளரும்போதே வந்த கோளாறு என்றது. இன்றைய நாய்களுக்கு வருகிற அதே இடுப்பு மூட்டுக் கோளாறு. குட்டியிலிருந்தே நொண்டிய விலங்கு, வளர்ந்து பெரிதாகும்வரை உயிரோடு இருந்திருக்கிறது! பாய்ந்து இரையை மடக்க முடியாத அதற்குக் கூட இருந்தவை பங்கு விட்டிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இன்னொன்று, சைபீரியாவின் பத்யாரிகா ஆற்றோரம் 2020-இல் உறைமண்ணிலிருந்து கிடைத்த, ஹோமோதீரியம் என்ற வேறொரு வாள்பல் பூனை வகையின் குட்டி. வயது மூன்று வாரம். செத்து 35,000 ஆண்டுகளுக்கு மேலாகியும் கரும்பழுப்பு மயிர் உதிரவில்லை, பாதங்களில் மெத்தையும் நகமும் அப்படியே இருக்கின்றன. வாள் முளைக்காத வாள்பல் பூனை அது. அதன் படத்தையாவது மண்டையோட்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

பெயர்ப்பலகையில் 'வாள்பல் புலி' என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். புலியின் கிளையும் இதன் கிளையும் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன.

இழுப்பறைகளில் கிடக்கும் முறிந்து கூடிய விலா எலும்புகளையும், ஒன்றோடொன்று ஒட்டிப்போன முள்ளெலும்புகளையும் வெளியே எடுங்கள். அந்த இடுப்பெலும்புக்கு ஒரு வார்ப்பு செய்து, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், கண்ணாடி போடாமல் வையுங்கள். குழிக்குள் விரலை விட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கூடங்களில் நெடுநேரம் நிற்கும் ஒரு பார்வையாளர்