பண்டாரவளை நண்பனுக்கு

ஹட்டன்
ஜூலை மாதம்

அன்பின் நண்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவை எடுத்திருப்பது பெரிய மகிழ்ச்சி. நம் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவு இருக்கும் பாடசாலையைத் தேடிப் போவதே பாதிப் படிப்பு.

இங்கே மழை விட்டபாடில்லை. உங்கள் பக்கம் இப்போது கச்சான் காற்று எல்லாவற்றையும் காய வைத்துக்கொண்டிருக்கும். இங்கே பிரிண்டருக்குள் வைத்த கடதாசிகூட நமத்துப்போய் இரண்டிரண்டாக இழுபடுகிறது. தவணைப் பரீட்சைக்காலம் வேறு. வேண்டிய தாள்களை மட்டும் பொதியிலிருந்து எடுத்து, மீதியை பொலித்தீன் பையில் கட்டி வைக்கிறேன்.

வாசிகசாலைக் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டது நல்ல வேலை. ஆனால் அச்சுப்பொறிக்கு டிரைவர், அதாவது கணினியை அந்தப் பொறியோடு பேசவைக்கும் மென்பொருள், தேடி அலைவதை முதலில் நிறுத்து. முன்பு அது அவசியமாக இருந்தது. இப்போது வரும் பல பொறிகளுக்குத் தேவையில்லை. கைப்பேசியிலிருந்து தனிச் செயலி எதுவும் இறக்காமல் அந்தப் பொறியில் அச்சடிக்க முடிகிறதா என்று பார். முடிந்தால் பெரும்பாலும் லினக்ஸிலும் அது தானாகவே வேலை செய்யும். கைப்பேசியும் லினக்ஸும் அச்சுப்பொறியோடு ஐபிபி என்ற ஒரே நெறிமுறையில்தான் பேசுகின்றன. யுஎஸ்பி கம்பியில் இணைப்பதென்றால் ‘ஐபிபி-யுஎஸ்பி’ என்ற மென்பொருள் பொதி நிறுவப்பட்டிருக்க வேண்டும். புதிய உபுண்டுவில் அது ஏற்கெனவே இருக்கும்.

உள்ளே இந்த வேலையைப் பார்ப்பது கப்ஸ் என்ற அச்சிடும் மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999இல் வெளியிட்டது. 2007இல் ஆப்பிள் அவரை வேலைக்கு எடுத்து, மூலநிரலையும் வாங்கியது. ஆகவே உன் மருமகன் பெருமையடிக்கும் மாக் கணினியிலும் அச்சடிப்பது இதே கப்ஸ்தான் என்று அவனிடம் சொல்லிவை!

உலாவியில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 631 என்று சேர். கப்ஸின் பக்கம் திறக்கும். நிர்வாகப் பகுதியில் பொறியைச் சேர்க்கும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கணினிக்குள் நுழையும் உன் பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடு. உபுண்டுவை நிறுவியபோது உருவாக்கிய முதல் பயனருக்கு அந்த அனுமதி உண்டு. பிள்ளைகளுக்காகத் திறந்த கணக்கில் செல்லாது, அது நல்லதுதான்.

பிறகு அந்தப் பொறிக்குக் குறித்திருக்கும் தாளின் அளவைப் பார். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சில வேளை அது அமெரிக்காவின் ‘லெட்டர்’ அளவில் இருக்கும்: 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210க்கு 297. அளவு பொருந்தாவிட்டால் பொறி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, இல்லாத தாளுக்காகக் காத்து நிற்கும். பொறி பழுது என்று நினைத்து டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதே.

நீ எழுதியிருந்த மற்றத் தொல்லை, “நேற்று அடித்தது, இன்று ஒன்றும் வரவில்லை” என்பது, பெரும்பாலும் அச்சு வேலைகள் காத்திருக்கும் வரிசை நின்றுபோனதாக இருக்கும். அச்சடிக்கும்போது மின்சாரம் போனாலோ கம்பி கழன்றாலோ கப்ஸ் அந்த வரிசையை நிறுத்திவைத்துவிடக்கூடும். பொறி திரும்ப உயிர்த்தாலும் வரிசை தானாக ஓடாது. பொறுமையில்லாத வாசகர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவார். எல்லாம் உள்ளே குவிந்து கிடக்கும். 631 பக்கத்தில் பொறியின் பெயரைத் திறந்தால், நின்றிருப்பதும் அதற்கான காரணமும் தெரியும். தேவையற்ற வேலைகளை முதலில் நீக்கிவிட்டு, அதன் பிறகே வரிசையை மீண்டும் தொடங்கு. மாறிச் செய்தால் ஒரே விண்ணப்பப் படிவம் இருபது பிரதி விழும், மையின் விலை உனக்குத் தெரியும்.

பழைய வினாத்தாள்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். அவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அதற்கு அச்சுப்பொறியைத் திட்டிப் பயனில்லை. எழுத்துருவை நிறுவி, லிப்ரே ஆபிஸில் கோப்பைத் திறந்து, பிடிஎஃப் ஆக மாற்றிவை. எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும். புதிதாக அடிப்பவற்றை மட்டும், எழுத்துரு மாறினாலும் தமிழாகவே இருக்கும் யூனிகோடில் அடி, உனக்குப் பின் வருபவர்களாவது தப்பட்டும்.

பொறியின் மாதிரி எண்ணை அடுத்த கடிதத்தில் எழுது. மிகப் பழையது என்றால் டிரைவர் வேண்டியிருக்கும். அதை இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறேன். புதிதாக வாங்கும் எண்ணமிருந்தால் என்னைக் கேட்காமல் வாங்காதே. அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்