போட்ட பணத்தையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பணம் வைத்து ஆடும் போக்கர் சீட்டாட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டத்தை விளக்கிய விதம் நன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் இத்தனை கோடி 'சம்பாதித்தார்' என்று போட்டிருந்தீர்களே, அது மனசுக்கு ஒப்பவில்லை. நான் விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் 31 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் போட்டதெல்லாம் பரிசாக வந்த பணம். அதற்காக உள்ளே போட்ட பணம் எங்கே?

அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டூ உங்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் அவருக்கு இணை கிடையாது. ஜின் ரம்மி என்ற இன்னொரு சீட்டாட்டத்தில் அவர் எதிரே உட்காரவே ஆள் கிடைக்காமல்தான் போக்கர் பக்கம் வந்தார். லாஸ் வேகஸில் நடக்கும் உலகப் போட்டியின் முதன்மை ஆட்டத்தை 1980, 1981 இரண்டு வருஷமும் ஜெயித்தார். 1997-ல் மறுபடி ஆட வந்தபோது கட்டணம் கட்டக் கையில் காசில்லை. 10,000 டாலரை பில்லி பாக்ஸ்டர் என்ற ஆட்டக்காரர் கட்டினார். உங்கர் ஜெயித்தார். பரிசு 10 லட்சம் டாலர், அதில் பாதி முதல் போட்ட பாக்ஸ்டருக்கு. பட்டியல்களில் இன்றைக்கும் முழுப் பத்து லட்சமும் உங்கர் பெயரில்தான் நிற்கிறது. மிச்சப் பாதி போதையிலும் பந்தயத்திலும் கரைந்தது. அடுத்த வருஷமும் பாக்ஸ்டர் பணம் கட்டினார். உங்கர் ஆட வரவே இல்லை. 1998 நவம்பரில் ஒரு மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். 45 வயது. கையில் இருந்தது சுமார் 800 டாலர். அடக்கச் செலவுக்கு நண்பர்கள் வசூல் செய்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2003-ல் அதே முதன்மை ஆட்டத்தில் 25 லட்சம் டாலர் ஜெயித்த கிறிஸ் மணிமேக்கர் என்னைப் போலக் கணக்கு எழுதியவர். 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடித் தகுதி பெற்றவர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆட்டத்துக்கு முன்பே வரப்போகும் பரிசில் அப்பாவுக்கும் ஒரு நண்பருக்கும் பங்கு விற்றிருந்ததை அதிகம் பேர் எழுதுவதில்லை. அன்று அவரையும் சேர்த்து ஆடியவர்கள் 839 பேர். மற்ற பலர் கட்டிய பணம்தான் பரிசாகியது.

வரி வேறு இருக்கிறது. 2025-ல் அமெரிக்காவில் வந்த சட்டப்படி, 2026 முதல் சூதாட்ட நஷ்டத்தில் 90 சதவீதத்தைத்தான் ஜெயித்த பணத்திலிருந்து வரிக் கணக்கில் கழிக்கலாம். வருஷம் முழுக்க ஆடி 5 லட்சம் டாலர் ஜெயித்து 5 லட்சம் டாலர் தோற்றவருக்கு மிச்சம் எதுவும் இல்லை. ஆனாலும் 50,000 டாலரை வருமானமாகக் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தங்கை மகன். 24 வயது, கோயம்புத்தூரில் நல்ல வேலை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்த பிறகு, "கோவா கேசினோவில் நேரில் ஆடிக்கிறேன் மாமா, வேலையை விடப்போறேன்" என்கிறான். இதுவரை எவ்வளவு ஜெயித்தாய் என்றேன். 1,40,000 என்று டக்கென்று சொன்னான். எவ்வளவு போட்டாய் என்றேன். யோசித்தான். சரி என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்து, பேங்க் ஸ்டேட்மென்டைப் பார்த்து எழுதச் சொன்னேன். ஐநூறு, ஐநூறு, இரண்டாயிரம், ராத்திரி ஒன்றரை மணிக்கு ஐயாயிரம்... இரண்டு பக்கம் போனது. கூட்டினால் 1,86,500. அவன் பொய் சொல்லவில்லை. வந்த பணம் மட்டும்தான் அவன் நினைவில் இருந்தது.

உங்கள் கட்டுரையையும் அவன்தான் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான், 'பாருங்க மாமா' என்று. அதனால்தான் கேட்கிறேன். இனி இப்படிக் கட்டுரை போட்டால் கட்டணம் எவ்வளவு, முதல் போட்டது யார், பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அது தெரியவில்லையா, 'பரிசுத் தொகை' என்றாவது எழுதுங்கள். நோட்டை அவனிடமே கொடுத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
மண்டிக் கணக்கர் ஒருவர்,
விருதுநகர்