மாமா, அந்தப் பலூன் திருவிழாவுக்குப் போயிட்டு வாங்க

அன்புள்ள மாமாவுக்கு,

பாளையங்கோட்டையில் எல்லாரும் சுகம். களக்காட்டில் ஏத்தன் வாழைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை முடிந்துவிட்டதாம், அம்மா சொன்னாள். தோட்டத்தைப் பற்றிய கவலையை விடுங்கள்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். டல்லாஸில் உங்கள் மகள் ஒரு கேரவன் வண்டியை வாடகைக்குப் பேசி, அக்டோபர் முதல் வாரம் நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கியில் ஆள் ஏறிப் பறக்கிற சூடான காற்றுப் பலூன்களின் திருவிழாவுக்கு உங்களையும் அத்தையையும் கூட்டிப் போக ஏற்பாடு செய்திருக்கிறாள். நீங்களோ, "பலூன் பாக்கணும்னா பொள்ளாச்சிலயே பாத்துக்கிடலாம். இதுக்குப் போயி ஆயிரம் கிலோமீட்டரா? சமைக்கிற வண்டிக்குள்ளயே கக்கூஸ் வேற. நான் வரல" என்று சொல்லிவிட்டீர்களாம். போனில் கேட்டால் மழை, தண்ணி என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். உங்களைப் போலவே தயங்குகிற பெரியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டுமே என்று பொதுவில் எழுதுகிறேன்.

போங்கள் மாமா. காற்றை இவ்வளவு தெரிந்த நீங்கள் அதைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் எனக்கு மனசு ஆறாது.

பொள்ளாச்சியிலும் 2015 முதல் பொங்கலை ஒட்டி நடக்கிறது, நல்ல விழாதான். ஆனால் அங்கே பலூன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆல்புகர்க்கியில் 1972இல் ஒரு கடைவளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் 13 பலூன்களோடு ஆரம்பித்தார்கள். இப்போது ஒன்பது நாள் விழா, ஐந்நூறுக்கு மேல் பலூன்கள். உலகத்தில் இதைவிடப் பெரிய பலூன் கூட்டம் கிடையாது. அது ஏன் அந்த ஊரில் வந்து நிலைத்தது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாம் காற்றால் வந்தது.

ஊருக்குக் கிழக்கே சாண்டியா மலை. நமக்கு மலை மேற்கே, அவர்களுக்குக் கிழக்கே. நடுவில் ரியோ கிராண்டே ஆறு. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கனத்துப்போன காற்று ஆற்றுப் பள்ளத்தோடு வடக்கிலிருந்து தெற்கே மெல்ல வழிகிறது. மார்கழி விடியலில் மலையிலிருந்து நம் தோட்டத்துக்குள் இறங்குமே, அதே சங்கதிதான், அதே காரணம்தான். அங்கே கூடுதலாக ஒன்று உண்டு. சில நூறு அடி மேலே போனால் காற்று நேர்மாறாகத் தெற்கிலிருந்து வடக்கே போகும். பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், அவ்வளவுதான். ஓட்டுகிறவர் தாழப் பறந்து தெற்கே போகிறார், தீயைக் கூட்டி மேலே ஏறி வடக்கே வருகிறார், சூடான காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டு இறங்குகிறார். காற்று ஒத்துழைக்கிற நாளில் கிளம்பின இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கிவிடலாம். இதை அங்கே 'பாக்ஸ்' என்கிறார்கள். வெயில் ஏறித் தரை சூடானால் இந்த அடுக்கு கலைந்துவிடும். அதனால் பறப்பதெல்லாம் விடியலில்தான்.

மேல்காற்றையும் வாடையையும் கொண்டலையும் வாழை இலை கிழிகிற விதத்தை வைத்தே சொல்லுகிறவர் நீங்கள். அங்கே ஒரே வானத்தில் ஒரு பலூன் இந்தப் பக்கமும் அதற்கு மேலே இன்னொன்று அந்தப் பக்கமும் போகும். கண்ணுக்குத் தெரியாத காற்றின் அடுக்குகள் அத்தனையும் நிறம் நிறமாய்த் தெரியும். அதைப் பார்க்கும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இதற்காகத்தான் அந்த வண்டி. விடிவதற்கு முன்னால் மைதானத்தில் நிற்க வேண்டும். ஊருக்குள் ஓட்டலில் தங்கினால் அந்நேரம் சாலை முழுக்கக் கார் வரிசை. ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு முன்கூட்டியே போய்க் குடில் போட்டு, அங்கேயே பொங்கித் தின்று கிடப்போமே, அந்த மாதிரிதான் இதுவும். ஆயிரக்கணக்கான கேரவன்கள் வரிசையாக நிற்கும். பக்கத்து வண்டிக்காரர் காபிக் கோப்பையோடு வந்து எந்த ஊர் என்று விசாரிப்பார். மைதானத்துக்குப் போக பஸ் விட்டிருப்பார்கள்.

கக்கூஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தனி அறை, தனிக் கதவு. கழிவு வண்டிக்கு அடியில் மூடிய தொட்டிக்குப் போய்விடும். பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு வேறு தொட்டி. இரண்டையும் அதற்கென்று இருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் குழாய் மாட்டித் திறந்துவிட வேண்டும், அதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். வாடை வராது. சிக்கனமாக இருக்க வேண்டியது நல்ல தண்ணீரில்தான். அங்கே பெரும்பாலான இடங்களில் குழாய் இணைப்பும் கரண்டும் இருக்காது, கொண்டுபோகிற தண்ணீர்தான். எண்ணெய்ப் பிசுக்கான தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுப் பிறகு கழுவச் சொல்லுங்கள்.

அத்தைக்கு: குக்கர் கட்டாயம். அந்த ஊர் ஐயாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் சோறு வேக நேரமாகும். முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது. நடந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கலாம், அவசரப்படாதீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். விடியலில் குளிர் எலும்பு வரை ஏறும். மஃப்ளர், குல்லா, கையுறை மூன்றும் வேண்டும்.

இருட்டோடு இருட்டாக முதலில் பத்துப் பன்னிரண்டு பலூன்கள் மட்டும் ஏறும். இவை போகிற போக்கைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எந்த உயரத்தில் என்ன காற்று என்று கணக்குப் போடுகிறார்கள். மைதானத்தில் பச்சைக் கொடி ஏறினால் பறக்கலாம், மஞ்சள் என்றால் பொறுத்திரு, சிவப்பென்றால் இன்றைக்கு இல்லை.

பச்சை ஏறினதும் பலூன்களுக்கு நடுவிலேயே நீங்கள் நடந்து போகலாம், கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவதில்லை. ஒரு கூடைக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கூடை சாய்ந்து கிடக்கும், துணி புல் மேல் நீளமாகப் படுத்திருக்கும். பெரிய விசிறியை வைத்துக் குளிர்ந்த காற்றை உள்ளே அடிப்பார்கள். இரண்டு பேர் பலூனின் வாயை அகலப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பாதி உப்பினதும் புரொப்பேன் தீயை உள்ளே திருப்புவார்கள். அந்த இரைச்சல் காதை அடைக்கும், வெப்பம் முகத்தில் அறையும். துணி அசைந்து, தோள் தூக்கி, எழுபது அடிக்கு நிமிர்ந்து நிற்கும். கூடவே கூடையும் எழுந்து உட்காரும். வரிக்குதிரை மாதிரி கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் மேலே பார்த்து, சுற்றிப் பார்த்து, விசில் ஊதிக் கட்டைவிரலைக் காட்டுவார். சத்தமில்லாமல் தரையை விட்டுப் போய்விடும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் பக்கத்தில் அடுத்தது எழும்பும். எனக்கு அங்கே கண் கலங்கிவிட்டது மாமா.

சாயந்தரமும் போங்கள். பறக்க மாட்டார்கள், தரையில் நிறுத்தித் தீயை மட்டும் ஒரே நேரத்தில் எரியவிடுவார்கள். அத்தைக்கு அதுதான் அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் மகளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனை விடியல் அங்கே இருக்கப்போகிறோம் என்று. காற்று பலத்தால் அன்றைக்குப் பறத்தல் ரத்து, யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு காலையை நம்பி அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரண்டு நாள் என்று பேசியிருந்தால் நான்காக ஆக்கச் சொல்லுங்கள். வாடகை கூடுகிறதே என்று நீங்கள் தடுக்காதீர்கள். அவள் ஆசைப்பட்டுச் செய்கிறாள்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்