அலெக்சிஸ் கோர்னரின் இசையும் கேட்கட்டும்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு திறந்த மடல்

ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலுள்ள ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். 2024ஆம் ஆண்டு, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையை லண்டனில் வாசித்த கிதார் கலைஞர் அலெக்சிஸ் கோர்னருக்கு இசைத் தாக்கத்திற்கான விருதை நீங்கள் அறிவித்தபோது, அவர் மறைந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் குழுவில் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவோடு 1989இலும், அதே கோர்னர் குழுவில் வாசித்த ஜாக் புரூஸும் ஜிஞ்சர் பேக்கரும் க்ரீம் குழுவோடு 1993இலும் உங்கள் அரங்கில் இடம்பெற்றுவிட்டார்கள். தாமதமானாலும் விருது வந்ததில் எனக்கு மனநிறைவுதான். ஆனால், யார் யாருக்கோ வழிவிட்டவர் என்ற ஒரே வரியில் அவர் அடங்கிவிடுவாரோ என்ற கவலை என்னை எழுத வைக்கிறது.

வழிவிட்டவர் என்பது உண்மையே. 1962 மார்ச் 17 அன்று, லண்டனின் ஈலிங் பகுதியில், ஒரு தேநீர்க் கடைக்கு அடியில் இருந்த ஈரம் கசியும் நிலவறையில், கோர்னரும் ஹார்மோனிகா கலைஞர் சிரில் டேவிஸும் தங்கள் 'ப்ளூஸ் இன்கார்ப்பரேட்டட்' குழுவோடு வாசிக்கத் தொடங்கினார்கள். பின்னர் ரோலிங் ஸ்டோன்ஸாகச் சேர்ந்த மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் பிரையன் ஜோன்ஸை முதலில் கண்டது அங்கேதான். அதே ஆண்டு ஜூலை 12 அன்று பிபிசி வானொலியில் வாசிக்கக் கோர்னர் குழு சென்றதால் காலியான, லண்டனின் மார்க்கீ இசைக்கூட மேடையில்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பெயர் முதன்முதலாக ஏறியது.

இவையெல்லாம் பலமுறை சொல்லப்பட்டவை. அந்தக் குழு எப்படி ஒலித்தது என்பதைத்தான் யாரும் நின்று கேட்பதில்லை. சிகாகோவின் மின்கிதார் ப்ளூஸை அதன் வடிவம் கெடாமல் வாசிக்க வேண்டும் என்பது டேவிஸின் பிடிவாதம். ஜாஸ் மேடைகளில் தேர்ந்த டிக் ஹெக்ஸ்டால்-ஸ்மித்தின் சாக்ஸபோனுக்கும் அதே பாடலில் இடம் உண்டு என்பது கோர்னரின் நம்பிக்கை. அந்த ஆண்டின் இறுதியில் இருவரும் பிரிந்ததற்கு இந்த வேறுபாடே முதன்மையான காரணம். பிரிவதற்கு முன் பதிவான 'ஆர் அண்ட் பி ஃப்ரம் தி மார்க்கீ' இசைத்தட்டில் இரண்டு விருப்பங்களும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடுகின்றன. என் செவிக்கு அந்த இழுபறிதான் அதன் அழகு. கோர்னர் விரல்வித்தை காட்டிய கிதார் கலைஞர் அல்லர். மற்றவர் வாசிக்க இடம் விட்டு, தாளத்தைத் தாங்கிப் பிடித்தவர். குழுத்தலைவருக்கு அதுவும் பெருங்கலை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கோர்னரைப் பற்றி நீங்கள் எழுதும் இடங்களிலெல்லாம், அவரிடம் வந்துபோனவர்களின் பட்டியலுக்கு முன்பாக, 1962இன் அந்த இசைத்தட்டைப் பார்வையாளர் கேட்க வழி செய்யுங்கள். 1964 ஜனவரியில், தம் முப்பது வயதுகளின் தொடக்கத்திலேயே மறைந்துவிட்ட சிரில் டேவிஸின் பெயரையும் அதனருகே பொறியுங்கள்.

நன்றியுடன்,
ஒரு ப்ளூஸ் ரசிகன்